பழைய காரின் டிரம் பிரேக்கை வீட்டிலேயே அட்ஜஸ்ட் செய்வது எப்படி?

பழைய கார்களில் பெரும்பாலானவற்றின் டிரம் பிரேக் தானாகத் தன்னைச் சரிசெய்துகொள்வதில்லை. சக்கரத்தோடு சுழலும் உருளைதான் டிரம்; அதன் உட்புறத்தில் அழுந்தி அதை நிறுத்தும் வளைந்த துண்டு ஷூ; ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை லைனிங். லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. அந்த இடைவெளியைக் கடப்பதற்கே பெடலின் பெரும்பகுதி ஓட்டம் செலவாகிவிடுகிறது. அதைக் குறைக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்றோ இரண்டோ அட்ஜஸ்டர்கள் இருக்கும். அவற்றைத் திருகுவது பெரிய வித்தை அல்ல. ஆனால் எதற்குப் பின் எதைச் செய்வது என்ற வரிசை தெரியாமல் இறங்கினால் ஒரே சக்கரத்தை மூன்று முறை கழற்றி மாட்ட நேரிடும். இதைக் கற்றுக்கொள்ளும்போது நான் அலைந்ததெல்லாம் அந்த வரிசைக்காகத்தான். புதிதாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. குறை எங்கே என்பதைப் பெடலிலேயே கண்டுபிடியுங்கள்

அட்ஜஸ்டரில் கைவைக்கும் முன், கார் நின்ற நிலையில், பெடலை ஒருமுறை நிதானமாக அழுத்தி அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பாருங்கள். விட்டுவிட்டு உடனே மறுபடியும் அழுத்துங்கள். முதல் மிதியில் வெகுவாக இறங்கிய பெடல் இரண்டாவது, மூன்றாவது மிதியில் மேலேயே கெட்டியாக நின்றால் ஷூ இடைவெளி கூடியிருக்கிறது என்று பொருள். இந்த வழிகாட்டி அதற்கானது.

பெடல் மெத்தென்று அமுங்கினால் பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதற்குக் காற்றை வெளியேற்ற வேண்டுமே தவிர அட்ஜஸ்டரைத் திருகிப் பயனில்லை. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயோ குழாய்களில் எங்கேயோ கசிவு இருக்கிறது. அத்தகைய காரை அசைக்கவே கூடாது. பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே பிரேக் குழாய்ச் சுற்றுதான் உண்டு என்பதால், ஒரு சக்கரத்தில் ஏற்படும் கசிவு நான்கு சக்கரங்களின் பிரேக்கையும் ஒரே நொடியில் இல்லாமல் ஆக்கிவிடும்.

பெடல் இறங்கிப்போன காருக்குப் பலர் செய்யும் முதல் வேலை, ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்குவது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கேபிளை இறுக்கினால் பின் ஷூக்கள் டிரம்மை நோக்கித் தள்ளப்படுவதால் பெடல் சற்று உயர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் முன் சக்கரங்களில் இடைவெளி அப்படியே இருக்கும், பின் ஷூக்கள் தம் இருப்பிடத்துக்குத் திரும்ப முடியாமல் சூடேறிக்கொண்டிருக்கும். நிறுத்தும் திறனில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது என்பதை மறக்க வேண்டாம்.

2. புத்தகம், கருவி, செலவு, நேரம்

முதலில் சம்பாதிக்க வேண்டியது உங்கள் காருக்குரிய வொர்க்‌ஷாப் மேனுவல். வண்டியோடு வந்த கையேடு போதாது. அட்ஜஸ்டர் எந்தப் பக்கம் திருகினால் இறுகும், டிரம்மின் உள்விட்டம் எவ்வளவு வரை தேயலாம், நட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பவை மேனுவலில்தான் இருக்கும். கூடவே பாகங்களின் பட்டியல் புத்தகமும் கிடைத்தால், ஸ்பிரிங்கும் சிலிண்டரும் வாங்கும்போது எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். முந்தைய உரிமையாளர் யாரேனும் வேறு மாடலின் அச்சையோ பிரேக்கையோ மாற்றிப் பொருத்தியிருக்கக்கூடும் என்பதால், புத்தகத்திலுள்ள படமும் காரில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்ட பிறகே அளவுகளை நம்புங்கள்.

கருவிகளில் ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகள், டார்க் ரென்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்), கம்பித் தூரிகை, பிரேக் கிளீனர், பிரேக்குக்கென்று விற்கப்படும் உயர்வெப்ப கிரீஸ் ஆகியவை அவசியம். அட்ஜஸ்டரின் தலை சதுரமாக இருந்தால் அதற்கென்றே உள்ள சதுர வாய் ஸ்பேனரை வாங்கிவிடுங்கள். சாதாரண ஸ்பேனரைப் போட்டால் தலையின் மூலைகள் உருண்டுவிடும்; பிறகு ஷூக்களைத் தாங்கியிருக்கும் பின்தகடான பேக் பிளேட்டையே கழற்ற வேண்டிவரும். இந்த ஒரு ஸ்பேனரில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.

அட்ஜஸ்ட் செய்வதற்கு மட்டும் என்றால் கருவிகளைத் தவிர ஏறத்தாழச் செலவே இல்லை. உள்ளே பார்த்தபின் வரும் செலவுகள்தான் வேறு. ஸ்பிரிங்குகளும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர்களும் சிறு செலவு; ஷூக்களும் முழு சிலிண்டரும் அதற்கு மேல்; டிரம்மை லேத்தில் கடைய வேண்டியிருந்தாலோ, கடையவும் இடமில்லாமல் புது டிரம் தேட வேண்டியிருந்தாலோ செலவும் காத்திருப்பும் பன்மடங்காகும். ஷூக்களை எப்போதும் ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதால் கணக்கை அப்படியே போடுங்கள். பழைய ஷூக்களைத் தூக்கி எறிய வேண்டாம். அரிதான மாடல்களுக்குப் பழைய ஷூவின் மீதே புது லைனிங் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வாங்குவதுதான் பல சமயங்களில் ஒரே வழி.

நேரத்தைப் பொறுத்தவரை, முதன்முறை நான்கு சக்கரங்களுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பழகியபின் ஒரு காலைப்பொழுது போதும். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வெளியூர் போக வேண்டிய நிலையில் இதைத் தொடங்காதீர்கள். ஒரு சிலிண்டர் கசிவது தெரிந்தால் பாகம் வரும்வரை கார் ஸ்டாண்டின் மேல்தான் நிற்கும். இன்னொன்று, டிரம் குளிர்ந்திருக்கும்போதுதான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். சூட்டில் டிரம் விரிந்திருக்கும்; அந்த அளவுக்கு ஷூவை நெருக்கிவைத்தால், ஆறிச் சுருங்கியபின் பிடித்துக்கொள்ளும்.

அட்ஜஸ்டர்கள் துருப்பிடித்திருக்கும் என்று தோன்றினால், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பேக் பிளேட்டின் பின்புறத்திலிருந்து துருநீக்கி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவையுங்கள். தாராளமாகப் பீய்ச்சினால் உள்ளே வடிந்து லைனிங்கில் இறங்கிவிடும்.

3. காரைத் தூக்கி நிறுத்துதல்

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கார் தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைச் சற்றே தளர்த்திக்கொள்ளுங்கள். பின் சக்கரங்களில் வேலை செய்யும்போது ஹேண்ட் பிரேக்கும் விடப்பட்டிருக்கும், கியரும் நியூட்ரலில் இருக்கும். ஆகவே முன் சக்கரங்களின் இரு புறமும் வைத்த கட்டைகள்தாம் காரைப் பிடித்து நிறுத்துகின்றன. செங்கல்லைக் கட்டையாகவோ ஸ்டாண்டாகவோ பயன்படுத்தாதீர்கள். அது எச்சரிக்கையின்றி நொறுங்கும். ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டைக் கொடுத்து, காரை லேசாக அசைத்துப் பார்த்து, அதன் பிறகே கையை உள்ளே விடுங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கியதும் அதன் மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வீல் பேரிங்கில் ஆட்டம் அதிகம் இருந்தால் டிரம் சாய்ந்து ஓடும். அந்த உரசலை ஷூவின் உரசல் என்று நினைத்து அட்ஜஸ்டரைத் தளர்த்திவிடுவோம். பேரிங்கைச் சரிசெய்த பிறகுதான் பிரேக்குக்கு வர வேண்டும்.

4. டிரம்மைக் கழற்றி உள்ளே பாருங்கள்

வருடத்துக்கு ஒருமுறையாவது, புதிதாக வாங்கிய கார் என்றால் கட்டாயமாகவும், டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டே அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். வெளியிலிருந்து திருகி மட்டும் விடுவது, தேய்ந்து முடிந்த லைனிங்கை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போவதாகத்தான் முடியும்.

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது. காற்றுக் குழாயால் அடிக்கவும் கூடாது. நுண்தூசிக்கான முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

டிரம் வர மறுத்தால் முதலில் அட்ஜஸ்டரை நன்றாகத் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு விளிம்பு உருவாகி ஷூவைக் கவ்விக்கொண்டிருக்கும். ஷூ உள்ளே சுருங்கினால்தான் அது விடும். சில டிரம்களின் முகத்தில் இரண்டு மரையிட்ட துளைகள் இருக்கும்; அவற்றில் தகுந்த போல்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். பேக் பிளேட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். பேக் பிளேட் வளைந்துவிட்டால் ஷூ நேராக உட்காராது.

எல்லா டிரம்மும் இப்படி எளிதில் வருவதில்லை. பல கார்களின் முன் டிரம், சக்கரத்தின் மையப் பகுதியான ஹப்போடு ஒன்றாக இருக்கும். அதைக் கழற்றினால் பேரிங்கை மறுபடி அளவாக இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின் டிரம்மைப் பிடித்திருப்பது 36 மி.மீ. நட்டு, அதன் இறுக்கம் 300 நியூட்டன் மீட்டருக்குச் சற்றே குறைவு. அதற்கு நீண்ட பிடியுள்ள ரென்ச் வேண்டும். அந்த நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும்.

டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே துள்ளி விழுந்து, பிரேக் ஆயில் கொட்டி, வேலை ஒரு நாள் நீண்டுவிடும். உதவிக்கு வந்தவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இப்போது லைனிங்கைப் பாருங்கள். ஒட்டிய லைனிங் 1.5 மி.மீ. தடிமனுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ரிவெட் அடித்ததில் அளவை ரிவெட் தலைக்கு மேலே எடுக்க வேண்டும், ஏனென்றால் ரிவெட் உரசத் தொடங்கினால் டிரம்மில் வரிவரியாகக் கோடு விழும். நல்ல லைனிங் மங்கலான ஒரே நிறத்தில் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் கறுத்துப் பளபளத்து, விரலில் பிசுக்கு ஒட்டினால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. முகர்ந்து பார்த்தாலே எங்கிருந்து என்று தெரிந்துவிடும்: கியர் ஆயிலின் காட்டமான நெடி அடித்தால் அச்சின் ஆயில் சீல் போய்விட்டது, அந்த நெடி இல்லாமல் நீர்த்த ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளிருந்து சொட்டு வழிந்தால் சிலிண்டரைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டும். எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவியோ தேய்த்தோ மீட்க முடியாது. சூடானதும் உள்ளே ஊறியது மீண்டும் மேலே வரும், கார் ஒரு பக்கம் இழுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து அதன் மரையிலும், ஷூ பேக் பிளேட்டில் உரசும் சிறு மேடுகளிலும் மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுங்கள். ஸ்பிரிங்குகள் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதைக் கழற்றும் முன் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கம் பார்த்துத் தெளியலாம். இரு பக்க அட்ஜஸ்டர்களையும் கலந்துவிடக் கூடாது. பல கார்களில் ஒன்றின் மரை வலமாகவும் மற்றதன் மரை இடமாகவும் ஓடும்.

5. உங்கள் அட்ஜஸ்டர் எந்த வகை?

மூன்று வகைகள் அதிகம் காணப்படுகின்றன. முதலாவது, பேக் பிளேட்டின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரத் தலை. மினி காரின் பின் சக்கரங்களில் இருப்பது இதுதான். உள்ளே ஓர் ஆப்பு முன்னேறி இரு ஷூக்களையும் ஒருசேர விரிக்கிறது. ஆப்பின் முகங்கள் தட்டையாக இருப்பதால் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஸ்பேனரில் ஒரு ‘டிக்’ உணரப்படும். இரண்டு ‘டிக்’குகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டால் ஓடும்போது அது தானாக நகர்ந்து இடைவெளி மாறிவிடும், எப்போதும் ‘டிக்’கில்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது, ஷூவின் முனையையோ பக்கத்தையோ தள்ளும் கேம், அதாவது மையம் விலகிச் சுழலும் வட்டு. சிலவற்றைப் பேக் பிளேட்டின் பின்னாலிருந்து ஸ்பேனரால் திருகலாம். மோரிஸ் மைனரைப் போன்றவற்றில் சக்கரத்தைச் சுற்றி, டிரம்மிலுள்ள துளை அட்ஜஸ்டருக்கு நேரே வரும்போது ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருக வேண்டும். முன் சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி கேம் இருப்பது வழக்கம். ஒன்றைத் திருகிவிட்டு மற்றதை மறந்துவிடுவது புதியவர்களிடம் நான் அதிகம் பார்த்த குறை. அந்தச் சக்கரத்தில் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும், கார் பக்கவாட்டில் இழுக்கும்.

மூன்றாவது, பற்களுள்ள நட்சத்திரச் சக்கரம். துளையை மூடியிருக்கும் ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டு, தட்டையான ஸ்க்ரூடிரைவரால் பல் பல்லாக நெம்ப வேண்டும். பீட்டிலில் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு நட்சத்திரங்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பும். தானியங்கி அட்ஜஸ்டர் பொருத்திய கார்களில், தளர்த்தும்போது நட்சத்திரத்தைப் பிடித்திருக்கும் நெம்பியை மெல்லிய கம்பியால் விலக்கிப் பிடித்துக்கொண்டே திருக வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் சிதையும்.

6. இடைவெளியைச் சரிசெய்தல்

கழற்றியிருந்த டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டிக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கை முழுமையாக விடுங்கள். கேபிள் முன்பே அதிகமாக இறுக்கப்பட்டிருந்தால் அதன் நட்டையும் தளர்த்திவிடுங்கள். ஷூக்கள் தம் நிறுத்தத்தில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். கேபிள் இழுத்துப் பிடித்த நிலையில் செய்யும் அட்ஜஸ்ட் எதுவும் உண்மையான அளவாக இராது.

சக்கரத்தைக் கார் முன்னோக்கிப் போகும் திசையில் கையால் சுற்றிக்கொண்டே, சக்கரம் அசையாமல் நிற்கும்வரை அட்ஜஸ்டரைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். நின்றதும் பெடலை இரண்டு மூன்று முறை உறுதியாக மிதிக்க வேண்டும். இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஷூக்கள் டிரம்மின் மையத்துக்கு வந்து சேராமல் ஒருபுறம் ஒதுங்கியிருந்திருக்கும். மிதித்ததும் அவை சரியாக அமர்ந்து, பூட்டியிருந்த சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்குவதைக் காண்பீர்கள். அப்படியானால் மீண்டும் இறுக்கி, மீண்டும் மிதியுங்கள். மிதித்த பிறகும் சக்கரம் அசையவில்லை என்ற நிலை வந்தபின், சக்கரம் தடையின்றிச் சுற்றும்வரை மட்டும் தளர்த்துங்கள். சதுரத் தலையில் இது பெரும்பாலும் ஒரு ‘டிக்’, சில சமயம் இரண்டு. நட்சத்திரத்தில் சில பற்கள். இரண்டு கேம் உள்ள சக்கரத்தில் முதல் ஷூவை இறுக்கித் தளர்த்தி முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். சுற்றில் ஏதோ ஓரிடத்தில் லைனிங் டிரம்மை மெலிதாகத் தடவும் ‘ஷ்’ என்ற ஓசை கேட்டால் அது நல்ல அடையாளம்; சக்கரம் அந்த இடத்தில் வேகம் குறையக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி மற்ற இடமெல்லாம் தளர்வாக இருந்தால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. அதை அட்ஜஸ்டரால் திருத்த இயலாது, கடைசலுக்குத்தான் அனுப்ப வேண்டும். பின் சக்கர இயக்கமுள்ள காரில், பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலும் கியர் ஆயிலும் தரும் கனத்தைப் பிரேக் பிடிப்பதாக எண்ணிவிட வேண்டாம். அந்தக் கனம் சுற்று முழுவதும் ஒரே சீராக இருக்கும், உரசும் ஓசை வராது.

நான்கு சக்கரங்களையும் இதே முறையில், இதே அளவு உரசலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்தை மட்டும் செய்து மறுபக்கத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

7. கடைசியில் ஹேண்ட் பிரேக்

ஷூக்கள் சரியானாலே ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லாவிட்டால் மட்டும், மேனுவல் சொல்லும் பல்லில் நெம்புகோலை நிறுத்திக் கேபிளை இறுக்குங்கள். மூன்று முதல் ஐந்து பற்களுக்குள் இரு பின் சக்கரங்களும் ஒருசேரப் பிடிக்க வேண்டும். முழுமையாக விட்டதும் இரண்டும் தடையின்றிச் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் கேபிளின் உறைக்குள் துரு இருக்கிறதா, சமன்செய்யும் இணைப்பு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

8. சோதித்துப் பார்த்தல்

சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, காரை இறக்கியபின் டார்க் ரென்ச்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடியுங்கள். பிரேக் ஆயிலின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போனது என்று தெரியாமல் ஊற்றி மூடாதீர்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் பெயின்ட்டை அரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சிலிகோனால் ஆன டாட் 5 ஆயிலை இவற்றோடு கலக்கவே கூடாது.

பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். அதன் தொடக்கத்தில் ஒரு சிறு வெற்று ஓட்டமும் இருக்க வேண்டும். அது அறவே இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுதண்டு பிஸ்டனை முழுதாகத் திரும்பவிடாமல் வைத்திருக்கும். ஆயில் சூடாகி விரியும்போது அது திரும்பிப் போக வழியின்றி, ஓட்டத்தில் நான்கு சக்கரங்களும் தாமாகவே பிடித்துக்கொள்ளும்.

முதல் ஓட்டம் நடை வேகத்தில், ஆளில்லாத சமதரையில், ஒரு கை ஹேண்ட் பிரேக்கின் அருகில் இருக்கட்டும். கார் நேராக நிற்கிறது என்று தெரிந்தபின் படிப்படியாக வேகத்தைக் கூட்டிச் சோதியுங்கள். பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டுங்கள்; டிரம்மைத் தொட வேண்டாம். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் தகித்தால் அது பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்தச் சக்கரத்தைத் தூக்கி, பிடித்த நிலையில் காற்று வெளியேற்றும் நிப்பிளைச் சற்றே திறந்து பாருங்கள். உடனே விடுபட்டால் ஆயில் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருப்பது இதற்கு வழக்கமான காரணம், அதை மாற்றிவிடுங்கள். திறந்தும் விடுபடாவிட்டால் ஸ்பிரிங், கேபிள், அட்ஜஸ்டர் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்.

தேதி, ஓடிய கிலோமீட்டர், ஒவ்வொரு சக்கரத்திலும் எத்தனை ‘டிக்’ இறுக்கினீர்கள், லைனிங்கின் தடிமன் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். புது ஷூ போட்டிருந்தால் அது டிரம்மின் வளைவுக்குப் பழகும்வரை இடைவெளி வேகமாகக் கூடும் என்பதால், முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை மீண்டும் அட்ஜஸ்ட் செய்யுங்கள். அதன்பின் மேனுவல் வேறு அளவு சொல்லாவிட்டால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை போதும். நான்கில் ஒரு சக்கரம் மட்டும் ஒவ்வொரு முறையும் அதிக ‘டிக்’ கேட்கிறது என்று குறிப்பேடு காட்டினால், காத்திராமல் அந்த டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.